மாலை வகுப்பு வாட்ஸாப் குழுவில் குட்மார்னிங் படம் மட்டும்தான் வருது. டெலிகிராமுக்கு மாறலாமா?

தண்டையார்பேட்டை மாலைவகுப்பு | 05.01.2025
பத்தாவது தனித்தேர்வர் வகுப்பு. 38 பேர், வயசு 19 முதல் 52 வரை. துறைமுகம், மணலி கம்பெனிகள், எம்.சி. ரோடு துணிக்கடை, காசிமேடு, வீட்டுத் தையல்னு எல்லாத் தரப்பும் உண்டு. வாரம் ரெண்டு நாள்தான் நேரில் கூட முடியுது, மத்த நாளுக்கு வாட்ஸாப் குழு. மூணு மாசமா ரோஜாப்பூவும் குத்துவிளக்கும்தான் வருது. பாடத்தில் சந்தேகம் இருக்கான்னு கேட்டா ரெண்டு கட்டைவிரல். வாட்ஸாப் படிப்புக்கு லாயக்கில்லை, டெலிகிராமோ ஃபேஸ்புக்கோதான் சரின்னு எனக்குத் தோணுது. உங்க அனுபவம் என்ன?

சாக்பீஸ் | 05.01.2025, இரவு 10.40
மாறாதீங்க. புது ஆப்னு சொன்ன அன்னைக்கே ஒரு பகுதி ஆள் கழண்டுக்கும். 32 ஜிபி போனில் இடம் இருக்காது, ஓடிபி வேற யார் கையிலோ இருக்கிற போனுக்குப் போகும், கடவுச்சொல் மறந்து போகும். வாட்ஸாப் ஏற்கெனவே கை பழகினது.

கோளாறு ஆப்பில் இல்லை. ஒரே குழுவை அறிவிப்புப் பலகை, வகுப்பறை, சந்தேகம் கேட்கிற இடம், டீக்கடை என்று நாலு வேலைக்கு வச்சிருக்கீங்க. 37 பேர் பார்க்க "எனக்குப் பின்னம் புரியல"ன்னு 45 வயசுக்காரர் எழுத மாட்டார். பள்ளிக்கூடத்தை விட்டதே அந்த வெட்கத்துலதான்னு வச்சுக்குங்க.

பிரிக்கிற விதம்:
முதல்ல வாட்ஸாப்பிலேயே ஒரு கம்யூனிட்டி (பல குழுக்களை ஒரே குடைக்குக் கீழே கொண்டு வர்ற வசதி) தொடங்குங்க. அதோட அறிவிப்புக் குழுவில் அட்மின் மட்டும்தான் போட முடியும். தேர்வுத் தேதி, வகுப்பு ரத்து, கட்டணக் கடைசி நாள் இது மட்டும் அங்கே. நாளுக்கு ஒரு செய்திக்கு மேல் வேண்டாம்.
அதுக்குக் கீழே 7, 8 பேர் கொண்ட சின்னக் குழுக்கள். உங்களுக்கு அஞ்சு வரும். ஏரியா வாரியாப் பிரிங்க: தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி, திருவொற்றியூர். பாடமும் சந்தேகமும் இங்கேதான்.
கடைசியா "டீக்கடை"ன்னு ஒண்ணு. குத்துவிளக்கு அங்கே எரியட்டும்.

சாக்பீஸ் | 05.01.2025, இரவு 11.15
விட்டுப்போச்சு. கம்யூனிட்டி அறிவிப்பில் ஒருத்தர் நம்பர் அட்மினுக்கும் அவரைத் தன் போனில் சேமிச்சவங்களுக்கும்தான் தெரியும். சின்னக் குழுவில் எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும். பெண்கள் யாராவது குழுவை விட்டு வெளியேறினா பாடத்தைச் சந்தேகப்படுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க. ராத்திரி ஒரு "ஹாய்" போதும், மறுநாள் வீட்டில் போனைப் பிடுங்கிடுவாங்க. குழுவில் சேர்க்கிறதுக்கு முன்னாடி நேரில் கேட்டுச் சம்மதம் வாங்குங்க. பெண்களுக்குத் தனிக்குழு வேணுமான்னு அவங்களையே கேளுங்க. நாமளா முடிவு பண்ண வேண்டாம்.

மூணு ஷிப்டு | 07.01.2025
மணலிப் பக்கம் வந்து பாருங்க சார். 6-2, 2-10, 10-6. வாரா வாரம் மாறும். ஏரியா வாரியாப் பிரிச்சா ஒரே தெருவில் ஒருத்தன் தூங்குவான், ஒருத்தன் கம்பெனியில் இருப்பான்.

சாக்பீஸ் | 07.01.2025
சரிதான், நான் சொன்னது தப்பு. ஏரியாவை விடுங்க, ஷிப்டு பார்த்துப் பிரிங்க. ஒரே சுற்றில் சுத்துறவங்க ஒரு குழு. மீன் ஏலத்துக்கு விடியற்காலை போறவங்க ஒண்ணு, துணிக்கடைக்காரங்க ஒண்ணு (ராத்திரி ஒன்பதரைக்கு முன்னாடி அவங்க கிடைக்க மாட்டாங்க, தீபாவளி மாசம் ஆளையே மறந்துடுங்க).

நேரலை வகுப்பைப் பத்தியும் இதிலேயே சொல்லிடறேன். வாட்ஸாப் வீடியோ அழைப்பில் 32 பேர் வரை. ஜூம் இலவசக் கணக்கு 40 நிமிஷத்தில் துண்டிச்சிடும். கூகுள் மீட் இலவசத்தில் மூணு பேரோ அதுக்கு மேலோ சேர்ந்தா ஒரு மணி நேரம். எதுவானாலும் "தினம் இரவு 8 மணி"ன்னு வச்சா, ரெண்டாம் ஷிப்டுக்காரர் கம்பெனிக்குள்ள இருப்பார், காலை ஷிப்டுக்காரர் நாலு மணிக்கு எழணும்னு படுத்திருப்பார், நைட் ஷிப்டுக்காரர் டிபன் பாக்ஸைக் கட்டிக்கிட்டு இருப்பார். ஞாயித்துக்கிழமை காலைன்னா காசிமேட்டில் மீன் வாங்க வர்ற கூட்டம், விக்கிறவங்க எங்கே வருவாங்க? நேரலையை மாசத்துக்கு ஒண்ணு ரெண்டோட நிறுத்திக்குங்க. மத்தது எல்லாம் அவங்க அவங்க நேரத்துக்குக் கேட்கிற மாதிரி இருக்கணும்.

சாக்பீஸ் | 10.01.2025
குரல் செய்தி எப்படிப் பேசணும்னு கேட்டிருந்தாங்க.

ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் போகாதீங்க. ஒரு செய்தியில் ஒரு விஷயம். முதல் வாக்கியத்திலேயே பாடம், பக்க எண்: "கணக்கு, பக்கம் இத்தனை, மூணாவது கணக்கு." அப்புறம்தான் விளக்கம். கடைசியில் ஒரே ஒரு வேலை: "இதே மாதிரி அடுத்ததை நோட்டில் போட்டு போட்டோ அனுப்புங்க." வணக்கம், நலமா, நேத்து மழை எல்லாம் வேண்டாம். இரைச்சலுக்கு நடுவுல காதுல வச்சுக் கேட்கிறவங்க முதல் பத்து விநாடியிலேயே விட்டுடுவாங்க.

ஒலியைத் தேட முடியாது. அதனால குரல் செய்திக்கு மேலே எழுத்தில் ஒரு வரி: "கணக்கு 3 / பின்னம் கூட்டல்". பத்து நாள் கழிச்சு "பின்னம்"னு தேடினா அந்த வரி வரும், கீழே ஒலி இருக்கும். எழுத்தே இப்பத்தான் கூட்டுறவங்க குழுன்னா வரிக்குப் பதில் நிறம்: கணக்குக்குச் சிவப்பு வட்டம், தமிழுக்குப் பச்சை, அறிவியலுக்கு நீலம். நடுவில் நிறத்தை மாத்தக்கூடாது.

பேசும்போது மின்விசிறியை நிறுத்துங்க. எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் வீடுன்னா ட்ரெய்லர் போகிற சத்தம் நிக்கிறதுக்குள்ள வயசாயிடும், இயர்போன் மைக்கைக் காலர் கிட்டப் பிடிச்சுக்குங்க.

சாக்பீஸ் | 10.01.2025
நீல டிக்கை வச்சு வருகைப்பதிவு எடுக்காதீங்க. போன் பையன் கையில் இருக்கும், பார்த்தது அவன். பதிலை அவங்க குரலில் அனுப்பச் சொல்லுங்க, ரெண்டே வார்த்தை போதும். வீட்டுக்கு ஒரு போன்தான்னா அது எத்தனை மணிக்கு இவங்க கைக்கு வருதுன்னு சேரும்போதே கேட்டு எழுதிக்குங்க. பலபேர் "எட்டரைக்கு மேல"ன்னுதான் சொல்வாங்க. செய்தியை அந்த நேரத்துக்கு அனுப்பினா மேலேயே நிக்கும். காலையில் அனுப்பினது சாயந்திரத்துக்குள்ள நாற்பது ஃபார்வேர்டுக்கு அடியில் புதைஞ்சிடும்.

லோகோ ஷெட் | 13.01.2025
போகி புகையில் உட்கார்ந்து படிக்கிறேன். வாக்கெடுப்பு வசதி இருக்கே, அதிலேயே டெஸ்ட் வச்சிடலாமே?

சாக்பீஸ் | 13.01.2025
வைக்கலாம், எல்லாரும் பாஸ் ஆயிடுவாங்க. வாட்ஸாப் வாக்கெடுப்பில் யார் எதைத் தொட்டாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். நல்லாப் படிக்கிறவர்னு பேர் வாங்கின ஒருத்தர் தொட்டதையே பின்னாடி வர்றவங்க தொடுவாங்க. அவர் தப்பாத் தொட்டா வகுப்பே தப்பு. வகுப்பு நேரம், தேதி முடிவு பண்ண மட்டும் இதை வச்சுக்குங்க. அப்பவும் "பல விடைகளை அனுமதி" என்கிறதை அணைக்கணும், இல்லைன்னா எல்லா நேரத்துக்கும் சரின்னு வரும்.

தேர்வுக்கு டெலிகிராம் வினாடி வினா உண்மையிலேயே நல்லது. 2020 ஜனவரியில் வந்தது. யார் என்ன தொட்டாங்கன்னு காட்டாம வைக்கலாம். தொட்டவுடனே சரியா தப்பான்னு சொல்லும், ஏன்னு ஒரு வரி விளக்கமும் சேர்க்கலாம். மாறாதீங்கன்னு முதல்ல அடிச்சுச் சொன்னதை இந்த அளவுக்குத் தளர்த்திக்கிறேன்: ஏற்கெனவே டெலிகிராம் வச்சிருக்கிறவங்களுக்கு வினாடி வினா மட்டும் அங்கே. இல்லாதவங்களுக்கு அதே கேள்வியைத் தனிச்செய்தியில், அஞ்சே அஞ்சு, பதில் "1ஆ 2அ 3ஈ" மாதிரி. அதே அஞ்சை மூணாம் நாள் வரிசை மாத்தி, ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவை. புதுக் கேள்வி தேடி அலையறதைவிட இது கைகொடுக்கும்.

சாக்பீஸ் | 18.01.2025
நோட்டுப் போட்டோ. இதில்தான் ஆசிரியர் கண்ணு கெடும், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

எழுதுறவங்களுக்கு: நீலம் அல்லது கறுப்பு பால்பாயின்ட். பென்சில் போட்டோவில் மங்கிடும். பக்கத்தின் மேல் மூலையில் பேரும் தேதியும் நோட்டிலேயே எழுதணும். படத்தைச் சேமிச்சாலோ ஃபார்வேர்டு பண்ணினாலோ யார் அனுப்பினதுங்கிறது போயிடும். ஒரு படத்துக்கு ஒரு பக்கம். நோட்டைத் தரையில் வச்சு, வாசப்படி வெளிச்சத்தில், போனைத் தரைக்கு இணையாப் பிடிச்சு எடுக்கணும். டியூப்லைட்டுக்குக் கீழே நின்னா நம்ம தலை நிழல்தான் விழும். இதை வாயால சொன்னா நடக்காது. நேர் வகுப்பில் பத்து நிமிஷம் எல்லாரையும் ஒருதடவை எடுக்க வைங்க.

திருத்துறவங்களுக்கு: படத்தைத் திறந்து, பேனா அடையாளத்தைத் தொட்டு, சிவப்பில் தப்பு நடந்த வரியை மட்டும் வட்டம் போடுங்க. முழு விடையையும் எழுதித் தந்தா அதை அப்படியே காப்பி அடிச்சு மறுபடி அனுப்புவாங்க. எத்தனாவது வரியில் சறுக்கினாங்கன்னு காட்டிட்டு, "இந்த வரியிலிருந்து மறுபடி" போதும். திருத்தினதைத் தனியாத்தான் அனுப்பணும். குழுவில் போடணும்னா பேரை மறைச்சு, பலபேர் செய்யுற தப்பை மட்டும் போடலாம். "-3 உடன் 5ஐக் கூட்டினா -8" மாதிரி.

8 பேர் குழுன்னு சொன்னதுக்கு இன்னொரு காரணமும் இதுதான். ஒருத்தருக்கு ரெண்டு பக்கம்னா 16 படம், ஒரு சாயந்திரத்தில் பார்க்க முடியும். 38 பேர் 76 படத்தை ஒரே ராத்திரி அனுப்பினா ரெண்டாம் வாரம் நீங்களே ரோஜாப்பூ அனுப்ப ஆரம்பிச்சிடுவீங்க.

இணையக்குடிமகன் | 21.01.2025
ஆசிரியர் திருத்துறது, ஆசிரியர் அனுப்புறது... இது பழைய பள்ளிக்கூடம்தான். சமூக வலைத்தளத்தின் பலமே ஒருத்தரிடமிருந்து ஒருத்தர் தானாக் கத்துக்கிறது. 2008லேயே சீமென்ஸ், டவுன்ஸ்னு ரெண்டு பேர் கனடாவில் யாரும் சேரலாம்னு ஒரு இணைய வகுப்பு வச்சு இதைச் செய்து காட்டியாச்சு.

சாக்பீஸ் | 21.01.2025
காட்டினாங்க. கனடாவின் மனிட்டோபா பல்கலைக்கழகத்தில், கட்டணம் கட்டினவங்க 25 பேர், இணையத்தில் இலவசமாச் சேர்ந்தவங்க 2200 பேர் அளவில். ஆனா அங்கே வந்தவங்களில் பெரும்பகுதி ஏற்கெனவே படிப்பை முடிச்சு, சொந்தமா வலைப்பதிவு எழுதி, தேடிப் படிக்கப் பழகினவங்க. பின்னத்தில் தடுமாறுறவர் தேடினா முதல்ல வர்றது "அஞ்சே நிமிஷத்தில் கணிதப்புலி" வகை வீடியோ, அடுத்தது ஷார்ட்ஸ், அதுக்கடுத்தது சமையல்.

சாக்பீஸ் | 22.01.2025
ராத்திரி யோசிச்சுப் பார்த்தா குடிமகன் சொன்னதில் பாதி சரி. நான் எல்லாத்தையும் ஆசிரியர் தலையில் கட்டினேன். சின்னக் குழுவில் ஆசிரியர் உடனே பதில் சொல்லக்கூடாது. சந்தேகம் வந்தா அரை நாளாவது விடுங்க. வேற யாராவது குரலில் விளக்குவாங்க, அதுவும் நம்ம ஊர் பேச்சில். தப்பா விளக்கினா மட்டும் நுழையணும். துணிக்கடைக்காரர் தள்ளுபடி சதவீதத்தை விளக்குற மாதிரி புத்தகம் விளக்காது, மீன் விக்கிறவங்க கிட்ட லாப நட்டக் கணக்கை நாம சொல்லிக் கொடுக்கவே வேண்டாம், அதைப் பரீட்சைப் பேப்பர் மொழியில் எழுதத்தான் சொல்லித் தரணும்.

குழுத் தலைவரா முதல் மார்க் வாங்குறவரைப் போடாதீங்க, அவர் பதிலை அவசரப்பட்டுப் போட்டுக் கதையை முடிச்சிடுவார். போனை நல்லாக் கையாளத் தெரிஞ்ச, பொறுமையான ஆள் போதும். மாசத்துக்கு ஒருத்தர்னு மாத்துங்க. ரெண்டாம் மாசமும் அவரே இருந்தா பேஜாராகி விட்டுடுவார்.

தண்டையார்பேட்டை மாலைவகுப்பு | 02.02.2025
பிரிச்சாச்சு. ரெண்டு குழு நல்லா ஓடுது, ரெண்டு சுமார், ஒண்ணு அவுட். வீடியோ பாடம் அனுப்பினா "இடமில்லை"ங்கிறாங்க.

சாக்பீஸ் | 02.02.2025
அஞ்சில் ரெண்டு ஓடினாலே கெத்துதான். ஓடாததை ஓடுறதோட சேர்த்துடுங்க, 10 பேர் வரை தாங்கும்.

வீடியோவை வாட்ஸாப்பில் அனுப்பாதீங்க. ஒவ்வொரு போனிலும் போய் உட்காரும். யூடியூபில் "பட்டியலிடப்படாதது"ன்னு ஏத்தி இணைப்பை அனுப்புங்க. இணைப்பு இருக்கிறவங்களுக்கு மட்டும் திறக்கும், தேடலில் வராது. ஏத்தும்போது "குழந்தைகளுக்கானதா"ன்னு கேட்கும், இல்லைன்னு சொல்லணும். ஆமான்னு போட்டுட்டா கருத்துப் பகுதியும் பட்டியலில் சேமிக்கிற வசதியும் போயிடும். பாடவாரியா பிளேலிஸ்ட் போட்டு, அதன் இணைப்பைக் குழுவில் பின் பண்ணுங்க. பின் அதிகபட்சம் 30 நாள்தான் நிக்கும், மாசம் ஒருதடவை புதுப்பிக்கணும். புதுசாச் சேர்றவருக்கு வாட்ஸாப்பில் பழைய பாடம் எதுவும் தானாத் தெரியாது, அவருக்கும் அந்த இணைப்புதான் கதி.

எல்லார் போனிலும் அமைப்புகள் போய், சேமிப்பகமும் தரவும், தானியங்கிப் பதிவிறக்கம்: படம், ஒலி, வீடியோ, ஆவணம் நாலையும் அணைங்க. ரெண்டு நிமிஷ வேலை. "வாட்ஸாப் வேலை செய்யல" என்கிற புகாரில் பெரும்பகுதி இதோட போகும்.

எடுக்கிறது: டம்ளர் ரெண்டு, மேலே ஸ்கேல், அதுமேல போன், கீழே வெள்ளைத்தாள், தடிமனான ஸ்கெட்ச் பேனா. முகம் வேண்டாம், கை மட்டும். போனை நிமிர்த்தி நீளவாக்கில் எடுங்க, பஸ்ஸில் ஒத்தைக் கையால பிடிச்சுப் பார்க்கிறவங்க அப்படித்தான் பிடிப்பாங்க. நாலு நிமிஷத்துக்குள்ள ஒரு கணக்கு. மூலப் பிரதியை ஒரு மெமரி கார்டிலும் போட்டு வைங்க. ஆர்குட் 2014 செப்டம்பரில் போச்சு, கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில், டிக்டாக் 2020 ஜூன் கடைசியில் ஒரே ராத்திரியில். அதில் மட்டும் பாடம் போட்டு வச்சவங்க கை வெறுங்கை.

ஃபேஸ்புக் கேட்டிருந்தீங்க. வரிசை குலையும். அதிகம் லைக் வாங்கின நாலாம் பாடம் மேலே நிக்கும், ரெண்டாம் பாடம் எங்கேயோ கிடக்கும். ஆள் சேர்க்க, வகுப்பு இருக்குன்னு ஊருக்குச் சொல்ல மட்டும் நல்லது.

சாக்பீஸ் | 09.02.2025
ஒரு எச்சரிக்கை. "தேறாமலே பத்தாவது சான்றிதழ், 15 நாளில்"னு விளம்பரம் இந்த மாதிரிக் குழுக்களைத் தேடிக்கிட்டு வரும். திறந்தநிலைப் பள்ளி பேரைச் சொல்லிக்கிட்டே வரும். அசல் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் அப்படிக் குறுக்குவழி கிடையாது: அஞ்சு பாடம் தேறணும், பொதுத்தேர்வு ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர்னு வருஷத்துக்கு ரெண்டு, அஞ்சு வருஷத்தில் ஒன்பது வாய்ப்பு, ஒப்படைப்புக்கு (வீட்டிலேயே எழுதித் தர்ற பயிற்சிக்கு) 20 சதவீதம். பாடம் பாடமாத் தேறிக்கிட்டுப் போகலாம் என்பதால ஷிப்டுக்காரங்களுக்கு அது தோதுதான். நீங்க நடத்துற மாநிலத் தேர்வில் கவனிக்க வேண்டியது அறிவியல் செய்முறை, 25 மதிப்பெண். நேரடித் தனித்தேர்வர் (பள்ளி மூலமா இல்லாம முதல் தடவை நேரா எழுதுறவர்) செய்முறைப் பயிற்சிக்குப் பல மாசம் முன்னாடியே தனியாப் பதிவு செய்யணும். இந்த ஒரு தேதி குத்துவிளக்குக்கு அடியில் மாட்டினா வருஷமே போச்சு. அதுக்காகத்தான் அறிவிப்புக் குழுவைப் பூட்டி வைக்கச் சொன்னது.

ஆதார், ஹால் டிக்கெட் போட்டோவைக் குழுவில் போட விடாதீங்க. தனிச்செய்தியில் வாங்கி, வேலை முடிஞ்சதும் அழிங்க.

மூணு ஷிப்டு | 09.02.2025
எட்டாவதாவது பாஸ் பண்ணாத்தான் கனரக லைசென்ஸ்னு இங்கே நிறைய பேர் சேர்றாங்க. அவங்களுக்கு இந்தக் குழு ஒத்து வருமா?

சாக்பீஸ் | 10.02.2025
அந்த விதியை 2019லேயே மத்திய அரசு எடுத்தாச்சு. லைசென்ஸுக்காக மட்டும்னா படிக்க வேண்டாம், சேரும்போதே சொல்லிடுங்க, இல்லைன்னா பாதியில் தெரிஞ்சுபோய் நம்ம மேல கோபம் வரும். வளைகுடா வேலைக்குப் போறவருக்குப் பத்தாவது வேற கதை: தேறிட்டா பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சோதனை தேவைங்கிற முத்திரை வராது. யார் எதுக்காகப் படிக்கிறாங்கன்னு காகித நோட்டில் எழுதி வைங்க. ஆமாம், காகிதத்தில்தான். பிரீபெய்ட் சிம் ரீசார்ஜ் இல்லாமக் கிடந்தா துண்டிச்சு, பின்னால அதே நம்பரை வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க. மாசம் ஒருதடவை நோட்டை வச்சுக் குழுவைச் சரிபாருங்க. முன்பின் தெரியாத ஒருத்தர் உங்க அல்ஜீப்ராவைப் பார்த்து முழிச்சுக்கிட்டு இருக்கலாம்.

சாக்பீஸ் | 16.02.2025
குரல் செய்தியைத் தலைமேல வச்சுக் கொண்டாடினேன், அதுக்கு ஒரு கடிவாளம். பரீட்சை மூணு மணி நேரம் பேனா பிடிக்கிற வேலை. பதிலையும் குரலில் வாங்கிக்கிட்டே இருந்தா எல்லாம் புரியும், கை ஓடாது. இருபது வருஷம் பேனா தொடாத விரல் அரை மணியிலேயே வலிக்கும். தினம் பத்து நிமிஷம் பாத்து எழுதறது, வாரம் ரெண்டு நிமிஷம் கூட்டிக்கிட்டே போறது. விடையைக் குரலில் விளக்கட்டும், கூடவே எழுதின பக்கம் ஒண்ணு. குரலை எழுத்தாக்கும் விசைப்பலகை வேண்டவே வேண்டாம். மெட்ராஸ் தமிழை அது எழுதுற அழகைப் பார்த்துட்டு வகுப்பே சிரிச்சுக்கிட்டு இருக்கும், அதுக்கு டீக்கடைக் குழு இருக்கு.

தண்டையார்பேட்டை மாலைவகுப்பு | 11.04.2025
15ஆம் தேதியிலிருந்து மீன்பிடித் தடை. படகுக்காரங்க ஏழு பேர் சும்மா இருப்போம், வகுப்பு வைங்கன்னு கேட்கிறாங்க.

சாக்பீஸ் | 11.04.2025
ஜூன் 14 வரை 61 நாள். விடாதீங்க. ஆனா முழுசாச் சும்மா இருக்க மாட்டாங்க, வலை பின்னறது, படகுக்கு மராமத்து, பெயின்ட் எல்லாம் இந்த 61 நாளில்தான். காலை வேலை முடிஞ்சு மதியம் மூணு மணிக்கு நேரிலேயே கூட்டுங்க, வாரம் நாலு நாள். குழுவை அப்போ நோட்டுப் போட்டோவுக்கு மட்டும் வச்சுக்குங்க. தடை முடிஞ்சு கடலுக்குப் போனா கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் சிக்னல் இருக்காது. அதுக்கு முன்னாடியே நாலைஞ்சு ஒலிப்பாடத்தை இறக்கி வச்சுக்கச் சொல்லுங்க. தானியங்கிப் பதிவிறக்கத்தை அணைக்கச் சொன்னது நான்தான், அதனால ஒலிக் கோப்பா அனுப்பின ஒவ்வொண்ணையும் கையால தொட்டு இறக்கணும்னு காட்டிக்கொடுங்க (வாட்ஸாப்பிலேயே பேசி அனுப்பின குரல் செய்தி மட்டும் தானா இறங்கிடும்).

லோகோ ஷெட் | 13.04.2025
சாக்பீஸ் அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே பக்க எண் சொல்லி அனுப்பினா மூணு பேர் வேற கணக்கைப் போட்டு அனுப்புறாங்க.

சாக்பீஸ் | 13.04.2025
மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் வாங்கியிருப்பாங்க. 2019க்கு முந்தினதுன்னா பாடத்திட்டமே வேற, அதை மாத்தச் சொல்லணும். 2019க்குப் பிந்தினதா இருந்தும் பக்கம் முன்னே பின்னே இருந்தா பதிப்பு வித்தியாசம். பக்க எண் சொல்லச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். "பயிற்சி 3.2, நாலாவது கணக்கு"ன்னு சொல்லுங்க. சந்தேகம் இருந்தா அந்தக் கணக்கை மட்டும் போட்டோ எடுத்துக் கூட வைங்க.